இரும்புப் பட்டியும் வட்டலப்பக் கிண்ணமும்



உங்கள் வீட்டுக்குக் கூரைத் தகடோ பலகையோ வந்து இறங்கியபோது, அந்தக் கட்டுகளை இறுக்கிக் கட்டியிருந்த கறுத்த இரும்புப் பட்டியை என்ன செய்தீர்கள்? வேலிக்கரையில் எறிந்திருப்பீர்கள். அல்லது பிள்ளைகளின் காலை வெட்டிவிடும் என்று பயந்து குப்பையோடு அனுப்பியிருப்பீர்கள். நானும் அப்படிச் செய்து வந்தவன்தான். இன்றோ அந்தப் பட்டி தெருவோரத்தில் கிடந்தால் போதும், தலையில் தொப்பியும் கையில் கிதாபுமாகப் போகும் நான் நின்று, குனிந்து, எடுத்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். என்னிடம் ஓதும் மாணவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இதற்குக் காரணம் என் தங்கச்சி.

அவளுடைய கணவர் 2021இல் மவ்த்தானார். இரண்டு பிள்ளைகள். இத்தா முடிந்த கையோடு, "ஏதாவது ஒரு தொழில் பழகப் போகிறேன் நானா" என்றாள். மூத்த சகோதரன் என்ற மிடுக்கில், "நான் இருக்கும்போது உனக்கென்ன தொழில்? வீட்டில் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். சொல்வதற்கு எவ்வளவு இலேசான வார்த்தை! அடுத்த வருடம் 2022 வந்தது. நாட்டில் ரூபாவின் பெறுமதி விழுந்ததும், கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதும், அரிசியும் பால்மாவும் விலையேறியதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மௌலவி ஆசிரியரின் சம்பளம் இரண்டு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும்? என் மனைவி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தங்கச்சியும் சொல்லவில்லை. ஒருநாள் அவள் கையில் இரண்டு வளையல்கள் குறைந்திருந்தன. விற்ற காசில் கால் மிதி வைத்த பழைய திரிகைச் சக்கரம் ஒன்று அவள் வீட்டுப் பின்விறாந்தைக்கு வந்திருந்தது.

எங்கள் வீடு மாவனல்லைப் பக்கம். கண்டி வீதியால் கேகாலைக்குப் போகிறவர்களுக்கு மொலகொடையைத் தெரியும். வீதியின் ஓரத்தில் சட்டியும் பானையும் பூச்சாடியும் அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கே ஒரு வயதான சிங்களக் குயவர் அம்மாவிடம் என் தங்கச்சி வேலை பழகியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல், கிழமையில் இரண்டு நாள், பஸ்ஸில் போய். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "மண்ணில் கை வைக்கிற வேலைதானா கிடைத்தது?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பாரமோ பாரம்! அடிப்பாகம் முழுக்க மண்.

"இதைச் சீவ வேண்டும் நானா. சீவுவதற்குச் சாமான் இல்லை" என்றாள்.

சக்கரத்தில் ஒரு பாத்திரத்தை எழுப்பும்போது அதன் அடியில் மண் தடிப்பாகவே நிற்கும். ஈரமான சுவரைத் தாங்குவதற்கு அந்தத் தடிப்பு வேண்டும். பின்னர் பாத்திரம் பாதி காய்ந்ததும் அதைச் சக்கரத்தில் கவிழ்த்து வைத்து, மூன்று மண் உருண்டைகளால் அசையாமல் அணைத்து, சுழலவிட்டு, மிஞ்சிய மண்ணைச் சுருள் சுருளாகச் சீவி எடுக்கிறார்கள். அப்படிச் சீவாவிட்டால் மெல்லிய விளிம்பு முதலில் காயும், தடித்த அடி பிந்திக் காயும், அந்த இழுபறியில் அடி வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும், தடித்த மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் சூளையில் ஆவியாகிப் பாத்திரத்தையே உடைத்துவிடும். நாம் சோறு சமைக்கும் உருண்டை அடிப் பானைக்கு இந்த வேலை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதன் அடியைப் பலகையால் தட்டித் தட்டியே மெலிதாக்கிவிடுவார்கள். மேசையில் ஆடாமல் நிற்க வேண்டிய கிண்ணம், கோப்பை, தட்டு ஆகியவற்றுக்குத்தான் சீவல் வேண்டும்.

தங்கச்சிக்கோ வட்டலப்பக் கிண்ணம் ஐம்பது செய்து தரும்படி ஒரு சிற்றுண்டிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். 2023 நோன்புப் பெருநாளுக்கு. வட்டலப்பம் அவிக்கும் கிண்ணம் ஆடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

கடையில் விசாரித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த சீவும் கருவிகள் ஒரு பெட்டியில் ஆறாக இருந்தன. மரப்பிடி, நுனியில் ஒரு இரும்பு வளையம், அவ்வளவுதான். விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். வரும் வழியில்தான், "இதை நான் செய்தால் என்ன?" என்ற எண்ணம் வந்தது. என் வாப்பா சைக்கிள் திருத்துகிறவர். அவருடைய குறடும் சுத்தியலும் அரமும் இன்னும் என் வீட்டுப் பரணில்தான் இருந்தன.

முதலில் பிஸ்கட் டின்னை வெட்டினேன். விரலளவு அகலத்தில் ஒரு பட்டி எடுத்து, வளைத்து, கொய்யாக் கம்பில் செருகி, நூல் சுற்றிக் கட்டினேன். பார்வைக்குக் கடைச் சாமான் போலவே இருந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கச்சி அன்றைக்கு ஏழு கிண்ணம் சீவினாள். ஏழும் பழுதாகிப் போயின. தகரம் மிகவும் மெல்லியது, மெதுமையானது. மண் தள்ளியதும் வளையம் நெளிந்து, பிறகு திடீரென்று உள்ளே இறங்கிக் குழி தோண்டிவிட்டது. "நானா, இது சீவுதில்ல, கடிக்குது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு கிண்ணத்தையும் பிசைந்து தண்ணீர் வாளிக்குள் போட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அப்படியானால் கடினமான இரும்பு வேண்டும் என்று நினைத்து, அடுத்ததாக ஒரு பழைய ஹெக்சோ பிளேட்டை எடுத்துக் குறட்டால் பிடித்து வளைத்தேன். சகோதரிகளே, இதை மட்டும் செய்யாதீர்கள். 'டக்' என்ற சத்தத்தோடு அது முறிந்து ஒரு துண்டு என் மூக்குக் கண்ணாடியில் வந்து அடித்தது. கண்ணாடி மட்டும் இல்லாதிருந்தால்... அல்ஹம்துலில்லாஹ். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மெதுவாக்கிக் கொடுக்கப்பட்ட வரலாற்றை வருடா வருடம் வகுப்பில் விளக்குகிறவன் நான். என் கைக்கு அது மெதுவாகவில்லை!

முழுவதும் கடினப்படுத்திய பிளேட்டை அப்படியே வளைக்க முடியாது என்று பிறகு ஒரு கொல்லர் சொன்னார். செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, மெல்ல மெல்ல ஆறவிட்டால்தான் அது வளைந்து கொடுக்கும். திரும்பவும் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால்தான் பழைய கடினம் வரும். அது பட்டறை வேலை, அடுப்படியில் செய்ய வேண்டாம். ஆனாலும் முறிந்த பிளேட்டை எறிந்துவிடாதீர்கள். அதன் பல் பக்கம், கோப்பைக்குக் கைபிடி ஒட்டும் இடத்தைக் கீறிவிட மிகவும் தோதானது.

இரண்டு தோல்விக்குப் பிறகு தங்கச்சியோடு நானும் மொலகொடைக்குப் போனேன். அந்த அம்மா என் தொப்பியையும் தாடியையும் பார்த்து முதலில் கொஞ்சம் திகைத்தார். பிறகு, "மௌலவி மஹத்தயா, உட்காருங்கள்" என்று சிங்களத்தில் சொல்லி ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார். என்னுடைய தகர வளையத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எழுந்து உள்ளே போய்த் தன் சாமானை எடுத்து வந்தார். ஒரு துண்டு இரும்புப் பட்டி! பழைய பீப்பாயின் வளையம் என்றார். சாண் நீளம். இரண்டு நுனியும் மடக்கியிருந்தது. பிடி கூட இல்லை, நடுவில் துணி சுற்றியிருந்தது. அவருடைய தாயார் பாவித்ததாம். ஒரு நுனி தேய்ந்து தேய்ந்து பாதிதான் மிஞ்சியிருந்தது. இரும்பு மண்ணைத் தின்னும், மண்ணும் இரும்பைத் தின்னும் என்றார் அவர். களிமண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய மணல்தான் அப்படித் தேய்த்திருக்கிறது.

ஜப்பான் நாட்டுக் குயவர்களும் ஏறக்குறைய இதே போன்ற கருவியைத்தான் பாவிக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். 'கன்னா' என்பது அதன் பெயர். ஒரு இரும்புப் பட்டியின் நுனியை மடக்கி, விளிம்பைக் கூராக்கித் தாங்களே செய்துகொள்கிறார்கள். மொலகொடை அம்மா ஜப்பானைப் பற்றி அறிந்தவரல்லர்.

ஆக, வேண்டியது மெதுமையான தகரமும் அல்ல, முறியும் பிளேட்டும் அல்ல. நடுவில் நிற்கும் இரும்பு. அதைக் கண்டுபிடிக்கச் சின்னச் சோதனை ஒன்று உண்டு. பட்டியைக் கையால் கொஞ்சம் வளைத்து விடுங்கள். வளைந்தபடியே நின்றால் அது மெதுமை, உதவாது. துள்ளிப் பழைய நிலைக்கு வந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. கூரைத் தகட்டுக் கட்டில் வரும் இரும்புப் பட்டி அப்படித் துள்ளும். ஹாட்வெயார் கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள். இப்போது பல இடங்களில் பச்சை நிறப் பிளாஸ்டிக் பட்டிதான் கட்டி வருகிறது, அது இதற்கு ஆகாது. பழைய சாவி கொடுக்கும் மணிக்கூட்டின் வில் கிடைத்தால் இன்னும் மேல். சைக்கிள் ஸ்போக் கம்பியைச் சுத்தியலால் தட்டையாக்கினால் சின்னச் சின்ன வளைவுகளுக்கு உதவும்.

இனி, நான் செய்த முறையைச் சொல்கிறேன். ஆண்களின் உதவி இல்லாமல் நீங்களே செய்யலாம்.

முதல் காரியம், கைக்குத் தடித்த துணியோ கையுறையோ போட்டுக்கொள்ளுங்கள். பட்டியின் விளிம்பு கத்திதான். கட்டை அறுக்கும்போது அது சீறி எழும்பும், ஆகையால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கிட்ட வைத்துக்கொள்ள வேண்டாம். தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் சாண் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். மூலைகளை உடனே அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோய்ப் பிறகு கை கிழியும். ஒரு நுனியிலிருந்து பெருவிரலின் அரைவாசி அளவில் அடையாளம் போட்டு, குறட்டால் இறுக்கிப் பிடித்துச் செங்குத்தாக மடக்குங்கள். மடக்கிய நுனியை உங்களுக்கு வேண்டிய வடிவில் அராவலாம். ஒரு நுனியை வட்டமாகவும் மற்ற நுனியைச் சதுரமாகவும் வைத்தால் ஒரு கருவியில் இரண்டு வேலை. வட்டம் கிண்ணத்தின் வெளி வளைவுக்கு, சதுரம் அடி வளையத்தின் மூலைக்கு.

வளையக் கருவிதான் வேண்டும் என்றால் அரை அங்குல அகலப் பட்டியாக எடுத்து, தடித்த போல்ட் ஒன்றைச் சுற்றி வளைத்து, கண்ணீர்த்துளி வடிவில் இரு நுனியையும் ஒன்று சேர்த்து, பிளந்த மூங்கில் துண்டுக்குள் செருகி, செம்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றி இறுக்குங்கள். கட்டு தளர்ந்தால் கருவி நடுங்கும். மேலே பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டை இழுத்துச் சுற்றினால் ஈரக் கையிலும் வழுக்காது. இது வாப்பாவின் பெட்டியில் டியூப்பைக் கண்டபோது எனக்குத் தோன்றிய யோசனை, என் சொந்த யோசனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை!

இனிக் கூராக்குவது. இதில்தான் நான் அதிகம் பிழை விட்டேன். சவரக்கத்தி போல மெல்லிதாக அராவினால் நல்லது என்று நினைத்தேன். அப்படியான கூர் நாலு கிண்ணத்தில் செத்துப்போகும். மண்ணின் மணல் அதைத் தின்றுவிடும். வெளிப்பக்கமாக மட்டும், ஏறத்தாழ 45 பாகைச் சரிவில், அரத்தை ஒரே திசையில் தள்ளி அராவுங்கள். உட்பக்கமாக அராவுகிறவர்களும் உண்டு, எனக்கு வெளிப்பக்கம்தான் இலேசு. அராவி முடிந்ததும் மறுபக்கத்தில் விரலை மெதுவாக வையுங்கள். மயிர் போல ஒரு பிசிர் தட்டுப்படும். அதை விட்டால் கிண்ணத்தில் கோடு கோடாக விழும். சேன்ட் பேப்பரைப் பென்சிலில் சுற்றி உட்பக்கம் இரண்டு தேய் தேய்த்தால் போய்விடும். நீங்கள் கத்தியை அம்மியில் தீட்டிவிட்டுக் காய்கறி வெட்டுவதில்லையா? அதேபோல, சீவ உட்காரும் ஒவ்வொரு தடவையும் அரத்தால் இரண்டு இழுவை.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளி போல மினுங்கும் நாகம் பூசிய தகட்டையும், வர்ணம் பூசிய பட்டியையும் நெருப்பில் காட்டாதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு. இரும்பை அராவிய தூளைக் களிமண் இருக்கும் இடத்தில் கொட்டாதீர்கள். அது மண்ணில் கலந்தால் பிசையும்போது கையைக் குத்தும், வெளிர் மண்ணில் சூளைக்குப் பிறகு கறுத்த புள்ளியாகவும் தெரியும். நான் முற்றத்தில் பழைய பத்திரிகை விரித்துத்தான் அராவுகிறேன். வேலை முடிந்ததும் கருவியைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், துரு பிடிக்காது.

கருவி சரியாக இருந்தும் வேலை பிழைப்பது மண்ணின் பதத்தால். இதை எப்படிச் சொல்வது? முந்தைய நாள் கிண்டிய தொதல் போல இருக்க வேண்டும். தொட்டால் குளிர வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக்கூடாது. ஈரம் கூடினால் சீவல் கருவியிலேயே அப்பிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் சுருளாக வராது, திருவலையில் முற்றிய தேங்காயைத் துருவுவது போலத் தூளாகக் கொட்டும், கருவியும் கிடுகிடுவென்று நடுங்கி அலை அலையாகக் கீறிவிடும். காய்ந்த மண் தூளை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. அதனால் தரையைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். சீவிய சுருள்கள் வீண் போவதில்லை, வாளித் தண்ணீரில் ஊறி அவை திரும்பவும் மண்ணாகிவிடும்.

எவ்வளவு சீவினால் போதும் என்று எப்படித் தெரியும்? தங்கச்சி சக்கரத்தை நிறுத்தி, கவிழ்ந்திருக்கும் கிண்ணத்தின் அடியை விரலால் தட்டுவாள். தடித்திருந்தால் மந்தமான ஒரு சத்தம். மெலிய மெலியச் சத்தம் மாறும். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சூரத்துர் ரஹ்மானில் மனிதப் படைப்பைச் சொல்லும் இடத்தில் வரும் 'ஸல்ஸால்' என்ற சொல்லுக்கு, தட்டினால் ஒலி எழுப்பும் காய்ந்த களிமண் என்று இருபது வருடமாக வகுப்பில் கருத்துச் சொல்லி வருகிறேன். அதை அடுத்து வரும் 'ஃபக்கார்' என்றால் சுட்ட மண்பாண்டம் என்றும் சொல்வேன். ஒரு நாளாவது ஒரு மண் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தேனா? இல்லை. தங்கச்சியின் பின்விறாந்தையில்தான் முதன்முதலாகத் தட்டினேன்.

ஐம்பது கிண்ணமும் பெருநாளுக்கு மூன்று நாள் முன்னதாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. மொலகொடை அம்மாவின் சூளையில்தான் சுட்டோம். சுட்டதில் நான்கு உடைந்தன. அதை எதிர்பார்த்துத் தங்கச்சி அறுபது செய்திருந்தாள். முதல் காசில் அவள் எனக்கு ஒரு சாரம் வாங்கித் தந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்று அவளோடு அயலில் இன்னும் இரண்டு சகோதரிகள் பழகுகிறார்கள். அவர்களுக்கும் கருவி செய்து கொடுக்கச் சொன்னாள். போன கிழமை மூன்று செய்து கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். இரண்டைப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவதை என்னிடமே திருப்பி நீட்டி, "நானா, இதுல பிசிர் இன்னும் போகல்ல" என்றாள்.

உண்மைதான். முற்றத்தில் பத்திரிகையை விரித்துத் திரும்பவும் உட்கார்ந்தேன்.